மாயக் காசும் மெய்ப்பொருளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)

 

இயலும் இசையும் நாடகமும் முழங்கும் இம்மேடையிலே காசு பணத்தைப் பற்றிப் பேசுதல் பொருந்துமோ என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். ஆயினும், நாம் யாவரும் பிறந்த மண்ணை விட்டு இப்பொம்மனஹள்ளிக்கு வந்தது எதற்காக? பிழைப்பு நாடியன்றோ! ஓசூர்ச் சாலையின் இருமருங்கிலும் உள்ள ஆயத்த ஆடை ஆலைகளில் நாள் முழுதும் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்து நம் சகோதரிமார் ஈட்டும் ஊதியமும், அவர்தம் வைப்பு நிதியும், மின்னணு நகரிலே இரவு பகலாக உழைக்கும் நம் இளைஞரின் சேமிப்பும், ஓய்வு பெற்ற பெரியவர்களின் பணிக்கொடையும் எவ்வளவு வியர்வையால் விளைந்தவை என்பதை இக்காலனியில் உள்ளோர் நன்கு அறிவர். மகளின் திருமணத்திற்கென்றும், ஊரில் ஒரு சிறு வீட்டிற்கென்றும் காத்து வைத்த அப்பொருளைக் கைப்பேசியின் வழியாகச் சில நாள்களில் உறிஞ்சிவிடும் வஞ்சகம் இன்று வீட்டு வாயில் வரை வந்து நிற்கின்றது. கிரிப்டோ நாணய முதலீடு என்பது அது பூண்டிருக்கும் வேடம். அவ்வேடத்தை இனங்காணும் வழியையும், அதனால் வஞ்சிக்கப்பட்டோர் கரையேறும் வழியையும் எம் அறிவிற்கு எட்டிய அளவில் எடுத்துரைக்க முன்வந்தோம்.

முதற்கண் ஓர் உண்மையைத் தெளிவாக்குதல் வேண்டும். கிரிப்டோ நாணயம் என்பது முழுதும் பொய்யன்று. 2009ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பிட்காயின் என்னும் முதல் நாணயம் இயங்கத் தொடங்கியது. சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயர் கொண்ட ஒருவரோ, பலரோ அதனைப் படைத்தனர். உலகெங்கும் உள்ள கணினிகளில் ஒரே கணக்கேடு படியெடுத்து வைக்கப்பட்டு, யார் கணக்கிலிருந்து யார் கணக்கிற்கு எவ்வளவு சென்றது என்பது அதில் அழியாதவாறு பதிவு செய்யப்படுகின்றது. அக்கணக்கேட்டில் ஒரு முறை பதிவானதை எந்த வங்கி மேலாளரும் திருப்பி எழுத இயலாது. இந்த ஓர் இயல்பை நன்கு மனத்திற் கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

நம் நாட்டில் இதன் நிலை யாது? இது சட்டப்படி செலாவணியாகும் பணம் அன்று. இத்தொழிலில் ஈடுபட்டோர்க்கு வங்கிகள் சேவை அளித்தலாகாது என்று 2018 ஏப்பிரலில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. 2020 மார்ச்சு 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நீக்கியது. 2022 ஏப்பிரல் முதலாக இதனால் வரும் ஆதாயத்திற்கு நூற்றுக்கு 30 வீதம் வரி விதிக்கப்பட்டது. அவ்வாண்டு சூலை முதலாக விற்பனைத் தொகையில் நூற்றுக்கு 1 வீதம் முன்கூட்டியே பிடித்தம் செய்யும் முறையும் வந்தது. 2023 மார்ச்சிலே இச்சந்தை நிறுவனங்கள் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டு, நிதி நுண்ணறிவுப் பிரிவிடம் பதிவு செய்துகொள்ளுமாறு பணிக்கப்பட்டன. இவற்றை எல்லாம் கண்டு, 'அரசே வரி வாங்குகின்றது. ஆகவே அரசின் பொறுப்பு இதற்கு உண்டு' என்று சிலர் கருதுகின்றனர். அது பெரும் பிழை. வரி வாங்குவது வேறு, பிணை நிற்பது வேறு. பதிவு பெற்ற நிறுவனத்திலேயே முதலிட்டாலும் விலை வீழ்ந்தால் இழப்பு நம்முடையதே. அது வாணிகத்தின் இடர். ஆனால் யாம் இன்று பேசவந்தது அதனைப் பற்றியன்று. வாணிகமே இல்லாத இடத்தில் வாணிகம் நடப்பதாகக் காட்டிப் பொருள் பறிக்கும் களவைப் பற்றியாகும்.

இக்களவு புதிதா என்றால், இல்லை. பெயர்தான் புதிது. 1920ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பொன்சி என்பவர், 45 நாள்களில் நூற்றுக்கு 50 ஆதாயம் தருவதாகக் கூறி மக்களிடம் பணம் திரட்டினார். வெளிநாட்டு அஞ்சல் கூப்பன்களை வாங்கி விற்பதால் அவ்வாதாயம் வருவதாகச் சொன்னார். உண்மையில், பின்னர் வந்தவன் கொடுத்த முதலை எடுத்து முன்னர் வந்தவனுக்கு ஆதாயம் என்று கொடுத்தார். புதியவர் வரவு நின்ற அன்றே மாளிகை சரிந்தது. நம் பெங்களூரில் 2019 சூன் திங்களில் என்ன நிகழ்ந்தது? ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம், சமய நெறிக்கு இசைந்த வட்டியில்லா முதலீடு என்று கூறி ஆயிரக்கணக்கான எளிய குடும்பங்களிடம் பணம் பெற்றுப் பின்னர்க் கதவடைத்தது. அங்கே கிரிப்டோ இல்லை. ஆனால் நம்பிக்கையே அங்கும் மூலதனமாயிற்று. தம்மவர் நடத்துவது என்னும் எண்ணமே மக்களின் கண்ணை மறைத்தது. இதனை நாம் மறத்தலாகாது.

இனி, கிரிப்டோ வேடம் பூண்ட வழக்கொன்றைக் காண்போம். 2015ஆம் ஆண்டளவில் 'கெயின்பிட்காயின்' என்னும் திட்டத்தை அமித் பரத்வாஜ் என்பவரும் அவரைச் சார்ந்தோரும் நடத்தினர். பிட்காயினை உண்டாக்கும் கணினிச் சுரங்கங்களில் முதலிடுவதாகவும், 18 திங்கள் வரை திங்கள்தோறும் நூற்றுக்கு 10 வீதம் பிட்காயினாகவே திருப்பித் தருவதாகவும் சொன்னார்கள். புதியவரைச் சேர்ப்போர்க்குத் தரகும் உண்டு. தொடக்கத்தில் சொன்னபடி கொடுத்தனர். 2017இல் புதியவர் வரவு குன்றிய பின், எம்கேப் என்று தாமே படைத்த மதிப்பற்ற நாணயத்தைக் கொடுக்கத் தொடங்கினர். 2018இல் அமித் பரத்வாஜ் கைது செய்யப்பட்டார்; 2022 சனவரியில் மறைந்தார். பல மாநிலங்களில் பதிவான வழக்குகளை 2023 திசம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 2025 பிப்பிரவரியில் அத்துறையினர் பெங்களூர் உள்ளிட்ட நகரங்களில் அறுபதுக்கும் மேற்பட்ட இடங்களிற் சோதனை நடத்தினர். பணம் போட்டது 2015இல். சோதனை நடந்தது 2025இல். பத்தாண்டு! போட்டவர் கையில் அதுவரை இருந்தது காகிதமும் கண்ணீருமே.

இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். திங்களுக்கு நூற்றுக்கு 10 என்றால், ஓர் இலட்சம் போட்டவருக்கு 18 திங்களில் 1,80,000 ரூபாய். நாளொன்றுக்கு நூற்றுக்கு 1 என்று இன்று கைப்பேசியில் விளம்பரம் வருகின்றதே, அதனை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வாதாயத்தை முதலுடன் சேர்த்துக்கொண்டே போனால், ஓர் இலட்சம் ஓராண்டில் ஏறத்தாழ 38 இலட்சம் ஆகும். இத்தகைய தொழில் ஒன்று உண்மையில் இருக்குமாயின், அதனை வைத்திருப்பவன் வங்கியிற் கடன் வாங்கித் தானே செய்துகொள்வான். நம் காலனிக்கு வந்து கதவைத் தட்டமாட்டான். இனி, ஆள் சேர்க்கும் கணக்கு. ஒருவர் பத்துப் பேரைச் சேர்க்க, அப்பதின்மரும் ஒவ்வொருவரும் பத்துப் பேரைச் சேர்க்க, இப்படியே போனால் பத்தாம் படியில் ஆயிரங்கோடிப் பேர் வேண்டும். இவ்வுலக மக்கள் அனைவரையும் கூட்டினாலும் அத்தொகை வாராது. ஆதலின், எந்தப் படியிலேனும் இது அறுந்து விழுந்தே தீரும். விழும்போது அடியில் நிற்பவர் பெரும்பாலும் நம்மைப் போன்ற எளியவரே.

இரண்டாவது வகை இன்னும் நுட்பமானது. ஒரு நாள் வாட்ஸாப்பிலோ டெலிகிராமிலோ முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து செய்தி வரும். தவறுதலாக வந்தது போலத் தோன்றும். பின் நட்பாகும், சிலரிடம் காதலாகவும் மாறும். வாரக்கணக்கில் சாப்பிட்டீர்களா, உறங்கினீர்களா என்று அன்பொழுகப் பேசுவர். அதன் பின்னரே, தாம் கிரிப்டோவில் ஈட்டியதைக் காட்டி, ஒரு செயலியைத் தரவிறக்கச் சொல்வர். அச்செயலி உண்மையான சந்தையைப் போலவே இருக்கும். 2022 சூன் திங்களில் நம் பெங்களூரைச் சேர்ந்த கிளவுட்செக் என்னும் பாதுகாப்பு நிறுவனம், காயின்எக் என்னும் சந்தையின் பெயரைத் திருடி இயங்கிய போலித் தளங்களைக் கண்டறிந்து வெளியிட்டது. இந்திய முதலீட்டாளர் இழந்தது ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய் என்று அந்நிறுவனம் மதிப்பிட்டது. ஒருவர் மட்டும் 50 இலட்சம் இழந்திருந்தார்.

அச்செயலியில் நாம் இட்ட பணம் நாளுக்கு நாள் வளர்வதாகத் திரையில் எண்கள் ஓடும். அவை வெறும் எண்களே. வேண்டியபடி மாற்றும் விசை வஞ்சகன் கையில் உள்ளது. முதலில் இரண்டாயிரம், மூவாயிரம் எடுக்க விடுவான். அது தூண்டிற் புழு. அதனை நம்பி நகையை அடகு வைத்து, தனிக்கடன் வாங்கி, இலட்சங்களைப் போட்ட பின்னர் எடுக்க முயன்றால், 'வரி கட்டு, பிணைத்தொகை கட்டு, கணக்கு முடங்கிவிட்டது, திறப்புக் கட்டணம் கட்டு' என்று மேன்மேலும் கேட்பான். கட்டக் கட்டக் கேட்டுக்கொண்டே இருப்பான்.

இச்செய்திகளை அனுப்புவோருள் சிலரும் அடிமைப்பட்டவரே என்பது வேதனைக்குரியது. தாய்லாந்தில் கணினி வேலை என்று ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர்கள் மியன்மார் நாட்டின் மியவாடிப் பகுதியில் அடைக்கப்பட்டு, இத்தகைய மோசடிகளைச் செய்யுமாறு வதைக்கப்பட்டனர். 2022இல் மீட்கப்பெற்றோருள் தமிழ்நாட்டு இளைஞரும் இருந்தனர். ஆதலால் பணம் போடுமுன் மட்டுமன்று, வெளிநாட்டு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்புமுன்னும் விசாரித்தல் வேண்டும்.

அன்பர்களே! இவ்வஞ்சகத்தை இனங்காணும் அடையாளங்களைத் தொகுத்துச் சொல்வோம்.

ஒன்று: உறுதியான ஆதாயம். விலை ஏறி இறங்கும் பொருளில் ஒருவன் இவ்வளவு நிச்சயம் என்று சொன்னால் அவன் பொய்யன்.

இரண்டு: ஆள் சேர்த்தால் தரகு. பொருளை விற்று வரும் இலாபமன்று, ஆளை விற்று வரும் இலாபம் அது. இத்தகைய சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்துள்ளது. 2019ஆம் ஆண்டு முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் சட்டமும் வந்துள்ளது. சேர்த்துவிடும் நம்மவரும் அச்சட்டங்களின் பிடியில் அகப்படுவர் என்பதை அறிக.

மூன்று: பணத்தை யாரோ ஒரு தனியாளின் வங்கிக் கணக்கிற்கோ, நாளுக்கொன்றாக மாறும் யு.பி.ஐ. முகவரிக்கோ அனுப்பச் சொல்லுதல். உண்மையான நிறுவனம் தன் பெயரிலுள்ள கணக்கிலேயே பெறும்.

நான்கு: செயலியைக் கைப்பேசிக் கடையிலிருந்து அன்றி, செய்தியில் வந்த இணைப்பின் வழியே ஏற்றச் சொல்லுதல். கடையில் இருப்பதெல்லாம் நல்லது என்றும் சொல்வதற்கில்லை. ஆயினும் இணைப்பில் வருவது பெரும்பாலும் கேடு.

ஐந்து: பணம் எடுக்க முன்பணம் கேட்டல். இதனை நன்கு குறித்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 1 என்னும் பிடித்தம் விற்பனைத் தொகையிலிருந்தே கழிக்கப்படும். நூற்றுக்கு 30 என்னும் வரியை நாம் வருமான வரிக் கணக்கில் அரசுக்கு நேரே செலுத்துவோம். வரி என்று சொல்லிச் செயலிக்காரன் புதிதாகப் பணம் கேட்பானாகில், அது வரியன்று, வஞ்சகம்.

ஆறு: வீட்டாரிடம் சொல்லாதே என்றல். கணவன் மனைவியிடமும், மகன் தந்தையிடமும் மறைத்துச் செய்ய வேண்டிய நற்காரியம் உலகில் எது?

இனி, அகப்பட்டுவிட்டோர் செய்ய வேண்டுவது யாது? இதுவே எம் உரையின் உயிர்ப்பகுதி.

பலரும் பணம் நேரே கிரிப்டோவாகப் போய்விட்டது, இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று கைவிட்டுவிடுகின்றனர். அது சரியன்று. நாம் அனுப்பும் பணம் பெரும்பாலும் முதலில் வேறொருவரின் வங்கிக் கணக்கிற்குச் செல்கின்றது. அங்கிருந்து பல கணக்குகளுக்குப் பிரிந்து, அதன் பின்னரே கிரிப்டோவாக மாறுகின்றது. அவ்விடைவேளையில் தடுத்தால் தடுக்கலாம். அதற்கென்றே 1930 என்னும் உதவி எண் உள்ளது. அவ்வெண்ணிற் புகார் சொன்னால், வங்கிகளுக்குச் செய்தி சென்று, கணக்கில் எஞ்சியிருக்கும் தொகை முடக்கப்படும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்னும் அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். பதிந்தவுடன் தரப்படும் எண்ணைக் குறித்து வைத்தல் வேண்டும். முதல் ஒரு மணி இரண்டு மணி நேரம் பொன்னினும் மேலானது. அழுவதற்கும் ஆராய்வதற்கும் பின்னர் நேரமுண்டு. முதலில் தொலைபேசியை எடுங்கள். உடனே வங்கிக்கும் தெரிவியுங்கள்.

ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். நம் அறிவும் கவனக்குறைவும் இன்றிக் கணக்கிலிருந்து பணம் போனால், மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்தோர்க்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை கூறியது. ஆனால் நாமே விரும்பி அனுப்பிய பணத்திற்கு அச்சலுகை வாராது. ஆகவே வங்கி ஈடு செய்யும் என்று காத்திராமல் புகாரில் விரைதலே வழி.

அடுத்து, சான்றுகள். இரயில்வேயில் அனுப்பிய பார்சல் காணாமற்போனால், சீட்டின் எண் இன்றித் தேட இயலாது. பணத்திற்கும் அதே கதை. ஒவ்வொரு பரிமாற்றத்தின் எண், நாள், நேரம், தொகை, சென்ற கணக்கு, வங்கி அறிக்கை, உரையாடல்களின் படம், செயலியின் பெயர், தொலைபேசி எண்கள் ஆகிய யாவற்றையும் திரட்டுக. கிரிப்டோவாகவே அனுப்பியிருந்தால், எந்த முகவரிக்கு அனுப்பினோம் என்பதும், பரிமாற்றக் குறியீடும் மிக இன்றியமையாதவை. தொடக்கத்தில் சொன்ன அழியாக் கணக்கேடு இங்கேதான் பயன்படுகின்றது. பணம் சென்ற தடத்தைக் காவல் துறையினர் அதிற் காணலாம். அது ஒரு சந்தை நிறுவனத்தின் கணக்கை அடைந்திருந்தால் முடக்குமாறு கேட்கலாம். 2021இல் அமெரிக்காவின் கலோனியல் எண்ணெய்க் குழாய் நிறுவனத்திடம் பறிக்கப்பட்ட சுமார் 75 பிட்காயினில் 63.7 பிட்காயினை அந்நாட்டரசு தடம்பிடித்து மீட்டது. எல்லார்க்கும் அப்படி வாய்க்கும் என்று சொல்லோம். தடம் இருக்கின்றது என்பதே செய்தி. வெட்கத்தாலும் சினத்தாலும் உரையாடலை அழித்துவிடுவோர் அத்தடத்தைத் தாமே அழிக்கின்றனர்.

காவல் நிலையத்திற்குச் செல்ல அஞ்ச வேண்டா. நம் நகரில் இணையக் குற்றங்களுக்கெனத் தனிக் காவல் நிலையங்கள் உள்ளன. 2024 சூலை முதலாக நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் எங்கு நடந்தது என்று பாராது எந்நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் படியை இலவசமாகப் பெறலாம். முடக்கப்பட்ட தொகையைத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டியிருக்கலாம். புகார் கொடுத்ததோடு நின்றுவிடாமல் தேவைப்படின் அதனையும் செய்தல் வேண்டும்.

இவ்விடத்தில் இரண்டாம் வஞ்சகம் காத்திருக்கின்றது. இழந்தோரின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு, 'போன பணத்தை மீட்டுத் தருகின்றோம்' என்று வேறொருவர் வருவர். வழக்கறிஞர் என்பர், கணினி வல்லுநர் என்பர், அதிகாரி என்றும் சொல்வர். முன்கட்டணம் கேட்பர். எரிகிற வீட்டிற் பிடுங்குவது அதுவே. முன்னர்க் கூறிய கெயின்பிட்காயின் வழக்கிலேயே, புலனாய்விற்கு உதவ அழைக்கப்பட்ட வல்லுநர் இருவர், கைப்பற்றிய நாணயத்தைத் தாமே கவர்ந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 2022 மார்ச்சில் புனாக் காவல் துறையாற் கைது செய்யப்பட்டனர். காவல் துறைக்கு உதவ வந்தவர்மேலேயே அவ்வையம் எழுந்ததென்றால், முகந்தெரியாதவனை நம்புவது எவ்வாறு?

இளைஞர்களுக்கு ஒரு சொல். 'உன் வங்கிக் கணக்கைச் சில நாள் தா, தரகு தருகின்றோம்' என்று எவரேனும் கேட்டால் ஒருகாலும் இசையாதீர். பிறர் கண்ணீர் உங்கள் கணக்கின் வழியே ஓடும். முதலில் காவலர் வந்து தட்டுவது உங்கள் கதவையே.

நிறைவாக, நம் சங்கத்தின் கடமையைப் பற்றிச் சில சொற்கள். அயலூரில் வாழும் நமக்குத் தமிழ் ஒன்றே உறவு. அவ்வுறவையே வஞ்சகர் தூண்டிலாக்குகின்றனர். 'அண்ணா, நம்ம ஊர்க்காரர்தான் நடத்துகிறார்' என்னும் ஒரு சொல், நூறு விளம்பரத்தினும் வலிது. ஆகவே சங்கத்தின் கூட்டத்திலும் வாட்ஸாப் குழுவிலும் எவரும் எந்த முதலீட்டிற்கும் ஆள் சேர்த்தலாகாது என்று நாம் விதி செய்துகொள்ள வேண்டும். தலைவரே ஆயினும் விலக்கில்லை. அடுத்து, கன்னடமும் ஆங்கிலமும் நன்கறிந்த அன்பர் இருவரைத் தேர்ந்து, ஏமாந்தவர் எவராயினும் அவருடன் வங்கிக்கும் காவல் நிலையத்திற்கும் உடன் செல்லும் பொறுப்பை அளிக்க வேண்டும். தையலாலையிலிருந்து இரவு திரும்பும் தாய் ஒருத்தி கன்னடத்தில் புகார் எழுதத் தெரியாமையால் ஒரு நாள் தாமதித்தாள் என்னும் நிலை நம் காலனியில் வரலாகாது.

எல்லாவற்றினும் மேலாக, ஏமாந்தவரை எள்ளி நகையாடாதீர். படித்தவரும் ஏமாறுகின்றனர், பொறியாளரும் ஏமாறுகின்றனர். 'பேராசை பெருநட்டம்' என்னும் பழமொழியை இழந்தவர் முகத்திற்கு நேரே வீசுவது அறமன்று. அவ்வேளச்சொல்லுக்கு அஞ்சியே பலர் வீட்டாரிடம் கூட வாய் திறவாமல், கடன்மேற் கடன் வாங்கி, மனம் உடைந்து போகின்றனர். போன பணம் முழுதும் மீளாதிருக்கலாம். ஆள் மீள வேண்டும். குடும்பம் மீள வேண்டும். கடன்களை ஒன்றாய் எழுதி, வட்டி மிகுந்ததை முதலில் அடைத்து, உற்றார் கைகொடுத்தால் நான்கைந்து ஆண்டில் எழுந்து நிற்கலாம். கூலி வேலைக்கு வந்த நாளில் வெறுங்கையோடு வந்து இவ்வூரில் வேர்விட்டவர்களன்றோ நாம்!

வந்த செய்தியைப் பத்து முறை ஆராய்வோம். வந்த துன்பத்தை அன்றே சொல்வோம். 1930 என்னும் எண்ணை ஒவ்வொரு வீட்டு நாள்காட்டியிலும் எழுதி வைப்போம். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!